கைக்கு வரும் சேதி: டயர், சக்கரத் தேர்வும் ஸ்டியரிங் உணர்வும்

என் காரின் நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தேய்மானக் குறியைத் தொட்டன. அப்போது எனக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன. காரோடு வந்த 15 அங்குலச் சக்கரங்களிலேயே அதே அளவில் நல்ல டயர் போடலாம். ஓர் அங்குலம் ஏறி 16க்குப் போகலாம். இரண்டு அங்குலம் ஏறி 17க்குப் போகலாம். விட்டத்தைத் தொடாமல், எடை குறைந்த, சற்று அகலமான சக்கரம் தேடுவது நான்காவது வழி. நான் தேர்ந்தெடுத்தது 17. இரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு 16க்கு இறங்கினேன். முதலிலேயே சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு செட் சக்கரமும் டயரும் மிச்சமாகியிருக்கும்.

தோற்றத்துக்காகச் சக்கரம் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் அது வேறு பேச்சு. இங்கே என் அக்கறை ஒன்றுதான்: முன்சக்கரங்கள் சாலையில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பது ஸ்டியரிங் வழியாக நம் கைக்கு எவ்வளவு தெளிவாக வந்து சேர்கிறது? ஒவ்வொரு தேர்வும் அதை எப்படி மாற்றுகிறது?

கனம், கூர்மை, உணர்வு

"ஸ்டியரிங் அருமையாக இருக்கிறது" என்று சொல்லும்போது மூன்று வேறு குணங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். திருப்புவதற்கு எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பது கனம். திருப்பிய உடனே கார் எவ்வளவு விரைவாக மூக்கைத் திருப்புகிறது என்பது கூர்மை. டயருக்கு இன்னும் எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது, சாலை ஈரமா, மணல் படிந்திருக்கிறதா என்பதையெல்லாம் கைக்குச் சொல்வது உணர்வு.

இந்த மூன்றும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவதில்லை. கனமான ஸ்டியரிங் ஊமையாக இருக்கலாம். கத்திபோலக் கூர்மையான ஸ்டியரிங் வழுக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லாமல் விடலாம். பெரிய சக்கரம் போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்த முதல் ஐந்து நிமிடங்களில் நமக்குத் தெரிவது கூர்மை மட்டும்தான். அது உடனே மனதைக் கவரும். உணர்வு கூடியதா குறைந்ததா என்பது தெரிய ஒரு மழைக்காலமாவது ஆக வேண்டும். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

ரப்பர் வளையும்போது நடப்பது

அளவுகளை ஒப்பிடுவதற்கு முன்னால், அந்தச் சேதி எங்கே பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. இது தெரியாமல் செய்யும் எந்த ஒப்பீடும் ஊகமாகவே முடியும்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் திரும்புவது ரிம், அதாவது டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரம். ரிம் டயரின் பக்கச்சுவரை முறுக்குகிறது, பக்கச்சுவர் டயரின் மேற்பட்டையைத் திருப்புகிறது, அதன் பிறகுதான் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் வளைந்து பக்கவாட்டு விசையை உண்டாக்குகிறது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் உருண்டு போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுகிறது. இதைச் சறுக்குக் கோணம் என்பார்கள். பெயரைக் கேட்டு டயர் வழுக்குகிறது என்று நினைக்க வேண்டாம். இந்தக் கோணம் இல்லாமல் எந்தக் காரும் வளைவில் திரும்பாது.

சாலையைத் தொடும் பரப்பு நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ எடை இறங்குகிறது, காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால், அந்தப் பரப்பு தோராயமாக 150 சதுர சென்டிமீட்டர்; ஒரு தபால் அட்டை அளவு. அந்த அட்டையின் முன் ஓரத்தில் சாலையைத் தொடும் ரப்பர் அப்போதுதான் வளையத் தொடங்குகிறது. பின் ஓரத்தை அடையும்போது நன்றாக வளைந்திருக்கிறது. அதனால் பக்கவாட்டு விசை அட்டையின் நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழுகிறது. அந்தப் பின்தள்ளல்தான் சக்கரத்தை மறுபடி நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டியரிங் நம் கையை எதிர்த்துத் தள்ளுவதற்கு, சஸ்பென்ஷனில் ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்குக் கொடுத்திருக்கும் சாய்மானத்தோடு சேர்ந்து, இதுவே காரணம்.

வளைவில் வேகம் கூடக்கூட, அட்டையின் பின்பகுதி முதலில் பிடிப்பை இழந்து வழுக்கத் தொடங்கும். முன்பகுதி அப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும். அதாவது மொத்தப் பிடிப்பு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, நேராக்கும் விசை தன் உச்சத்தைத் தாண்டிக் குறையத் தொடங்கிவிடுகிறது. சாதாரணக் கார் டயரில் இது நடப்பது 3, 4 டிகிரி சறுக்குக் கோணத்தில். பிடிப்பின் உச்சமோ அதற்கும் வெகு அப்பால் இருக்கிறது. ஆக, ஸ்டியரிங் கையில் இலேசாவது டயர் அனுப்பும் எச்சரிக்கை, கைவிட்டுவிட்டதாக அர்த்தமில்லை. அந்த எச்சரிக்கைக்கும் உண்மையில் பிடிப்பு போவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதே என் கணக்கில் ஸ்டியரிங் உணர்வின் உயிர். ஒவ்வொரு தேர்வையும் இதை வைத்தே எடைபோடுகிறேன்.

ஓர் அங்குலம் ஏறினால், இரண்டு அங்குலம் ஏறினால்

நடுத்தரக் கார்களில் பரவலாகப் பார்க்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம்: 195/65 ஆர்15, 205/55 ஆர்16, 225/45 ஆர்17, 225/40 ஆர்18. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் இந்த நான்கின் மொத்த விட்டமும் 632 மி.மீ.க்கும் 637 மி.மீ.க்கும் இடையே அடங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் குழம்பாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடிவது அதனால்தான். ஆனால் பக்கச்சுவர் 127 மி.மீ.யிலிருந்து 113, 101, 90 என்று இறங்கிக்கொண்டே போகிறது.

15 அங்குலத்தில் பக்கச்சுவர் உயரம். கையைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு சிறு மிதப்பு தெரியும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் விரல் அளவு அசைத்தால் கார் கண்டுகொள்ளாது. அவசரமாகத் தடம் மாற்றினால் உடல் ஒருமுறை சாய்ந்து, டயர் ஒருமுறை சாய்ந்து, பிறகுதான் கார் நிலைப்படும். இதெல்லாம் குறைதான். ஆனால் எல்லை நெருங்கும்போது இந்த டயர் நிதானமாகச் சொல்லும். ஸ்டியரிங் மெல்ல மெல்ல இலேசாகும், டயர் கிறீச்சிடும், நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். குண்டும் குழியுமான சாலையில் ரிம் வளையும் பயமும் குறைவு.

16க்கு ஏறினால் குறைவது 14 மி.மீ. மட்டும். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் 15இலிருந்து ஏறுபவருக்கு மிகப் பெரிய மாற்றமாகத் தெரிவது இந்த முதல் படிதான். நடுநிலையில் இருந்த அந்த மிதப்பு பெருமளவு மறைந்துவிடும். திருப்பத்துக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த தயக்கம் குறையும். இத்தனைக்கும் பக்கச்சுவரில் குழிகளை விழுங்கும் அளவுக்கு உயரம் மிச்சம் இருக்கும். எச்சரிக்கையின் இடைவெளியும் பெரிதாகச் சுருங்குவதில்லை.

17இல் நான் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். முதல் மாதம் முழுவதும் மகிழ்ச்சியாகவே இருந்தேன். எண்ணிய உடனே கார் திரும்பியது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. சாலையில் நீளவாக்கில் பள்ளம் இருந்தால் கார் அதன் போக்கில் இழுத்துக்கொண்டு போனது. லாரிகள் ஓடி ஓடி அழுந்திய தடங்களில் ஸ்டியரிங் கையில் சும்மா இருக்கவில்லை. சிறு கற்கள், தார் ஒட்டுகள், இணைப்புகள் எல்லாம் கைக்கு வந்தன. இதைத்தான் பலர் 'நல்ல உணர்வு' என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் இரைச்சல். சாலையின் சொரசொரப்பு கைக்கு வருவது ஒன்று. டயரின் பிடிப்பு எவ்வளவு மிச்சம் என்ற சேதி கைக்கு வருவது இன்னொன்று. முதலாவது கூடியது, இரண்டாவது கூடவில்லை. மழையில் ஒரு நீண்ட வளைவில் முன்சக்கரங்கள் வழுக்கியபோது ஸ்டியரிங் இலேசானதும் கார் வெளிப்பக்கம் போனதும் ஏறக்குறைய ஒரே நொடியில் நடந்தன. அன்று எதுவும் ஆகவில்லை. ஆனால் பழைய 15 அங்குல டயராக இருந்தால் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு மனதை விட்டுப் போகவில்லை.

18ஐப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. சஸ்பென்ஷனே அதற்காக வடிவமைக்கப்பட்ட கார்களில் அது நன்றாகவே இருக்கும். 15 அங்குலத்துக்காக வடிவமைத்த காரில் அதைப் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அகலம் தரும் ஏமாற்றம்

அகலமான டயர் போட்டால் சாலையைத் தொடும் பரப்பு கூடும் என்பது பரவலான நம்பிக்கை. காரின் எடையும் காற்றழுத்தமும் மாறாத வரையில் அந்தப் பரப்பு பெரிதாக மாறாது. மாறுவது வடிவம். ஒடுக்கமான டயரில் தபால் அட்டை நீளவாக்கில் கிடக்கிறது, அகலமான டயரில் குறுக்காகக் கிடக்கிறது.

இதனால் என்ன? குறுக்காகக் கிடக்கும் அட்டை பக்கவாட்டில் விறைப்பாக இருக்கும், விசையை விரைவாக உண்டாக்கும். உலர்ந்த சாலையில் அகலமான டயர் ஜெயிப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் நேராக்கும் விசை உருவாவதற்கு வேண்டியது நீளம். அட்டை நீளவாக்கில் குட்டையாகும்போது அந்தப் பின்தள்ளலும் குட்டையாகிறது. டயர் தன் நிலையைச் சொல்ல நம்பியிருக்கும் நெம்புகோலே சிறிதாகிவிடுகிறது. தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதிலும் ஒடுக்கமான டயருக்குத்தான் சாதகம் அதிகம்.

கார் தயாரிப்பாளர்களில் சிலர் இதை நன்றாக அறிந்தே செயல்பட்டிருக்கிறார்கள். 2012இல் வந்த டொயோட்டா ஜி.டி.86 விளையாட்டுக் கார்தான். ஆனாலும் அதில் 215/45 ஆர்17 அளவில் மிஷலின் பிரைமசி எச்.பி. டயரைப் போட்டு விற்றார்கள். ப்ரியஸ் காரிலும் பயன்பட்ட, சாந்தமான டயர் அது. பிடிப்பைக் குவிப்பதைவிட, காரின் அசைவு ஓட்டுநருக்குப் புரிய வேண்டும் என்பதே அங்கே முதன்மை. 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்.-5 ஏறத்தாழ ஒரு டன் எடை கொண்ட கார். அதன் அடிப்படை மாடலுக்குக் கொடுத்தது 195/50 ஆர்16. ஸ்டியரிங் உணர்வுக்காகவே பேசப்படும் கார்கள் இவை. சாதாரணக் குடும்பக் காருக்கு 225 அகலம் தேடி அலையும்போது இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே அளவு, வேறு டயர்

நான்கு வழிகளில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஒரே 205/55 ஆர்16 அளவில் இரண்டு டயர்களை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு வேறு கார்களை ஓட்டுவதுபோல இருக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்த டயரில் உருளல் தடையைக் குறைப்பதற்கு முதலிடம். ஈரச் சாலையில் பிடிப்பும் சேதியும் அதற்குப் பிறகே. சொகுசு டயரில் பக்கச்சுவர் மென்மையாக இருக்கும், சத்தம் அடங்கும், ஸ்டியரிங் பஞ்சுபோல ஆகும். விளையாட்டு வகை டயரில் பக்கச்சுவரும் தோள்பட்டையும் விறைப்பு. பட்டையின் நடுவில் உடையாமல் ஓடும் ஒரு ரப்பர்க் கோடு இருந்தால், நேராகப் போகும்போது ஸ்டியரிங்குக்கு ஒரு நிலைப்பு கிடைக்கும். பட்டையின் வெளி ஓரமான தோளில் பெரிய ரப்பர்க் கட்டிகளாக இருந்தால் வளைவில் ரப்பர் நெளியாது. பனிக்கால டயரில் ஆழமான கட்டிகளையும் அவற்றுக்குள் மெல்லிய வெட்டுகளையும் வைத்திருப்பார்கள். பனியில் அவை உயிர்காப்பவை. உலர்ந்த வெயில் சாலையில் அவற்றின் நெளிவு ஸ்டியரிங்கை மந்தமாக்கும்.

இங்கே ஒரு விந்தையையும் சொல்லியாக வேண்டும். புதிய டயரில் பட்டையில் உள்ள பள்ளங்களின் ஆழம் பெரும்பாலும் 8 மி.மீ.யை ஒட்டி இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மி.மீ. தேயத் தேயக் கட்டிகள் குட்டையாகி நெளிவு குறைவதால், பாதி தேய்ந்த டயரில் உலர்ந்த சாலை ஸ்டியரிங் புதிய டயரைவிடக் கூர்மையாக இருக்கும். புது டயர் மாட்டிய அன்று "முன்பு இருந்ததே நன்றாக இருந்ததே" என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணம். வார்ப்பிலிருந்து எடுக்கும்போது மேற்பரப்பில் ஒட்டிய வழுக்குப் பூச்சு இன்னொரு காரணம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் கூர்மைக்காகத் தேய்ந்த டயரை விட்டுவைக்கவும் கூடாது. தேங்கிய தண்ணீரில் அது மிதந்துவிடும்.

பஞ்சரான பிறகும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றில்லாமலே 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் வரை காரைத் தாங்க வேண்டும் என்பதற்காக அவற்றின் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்கிறார்கள். அந்தக் கெட்டித்தன்மை கூர்மையைக் கொடுக்கும், நுட்பத்தைக் கெடுக்கும். அவற்றோடு வந்த காரில் சாதாரண டயருக்கு மாறிய பிறகு ஸ்டியரிங் மெல்லிய சேதிகளையும் சொல்லத் தொடங்கியதை நானே ஒரு நண்பரின் காரில் கவனித்தேன். ஆனால் மாறுபவர் உதிரிச் சக்கரத்துக்கோ பஞ்சர் கருவிக்கோ வழி செய்துகொண்டுதான் மாற வேண்டும்.

எடை குறைந்த சக்கரம், அகலமான ரிம்

நான்காவது வழி கொஞ்சம் நுட்பமானது. 205/55 ஆர்16 டயரை 5.5 அங்குல அகல ரிம்மிலிருந்து 7.5 அங்குல ரிம் வரை மாட்டலாம். பல கார்களில் வருவது 6 அல்லது 6.5. அதே டயரை 7 அங்குல ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் இரண்டு பக்கமும் இழுபட்டு நிமிர்ந்து நிற்கும். டயரின் உயரத்தை இழக்காமலே ஓரளவு கூர்மை கிடைக்கும். பெரிய சக்கரம் தருவதில் நல்ல பாதியை, கெட்ட பாதி இல்லாமல் பெறுவதற்கு எனக்குத் தெரிந்த நேர்வழி இது.

எடையும் முக்கியம். சக்கரமும் டயரும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது கூடினால் மேட்டில் ஏறிய சக்கரம் உடனே சாலைக்குத் திரும்பாது. திரும்பாத நேரத்தில் சேதியும் இல்லை. விட்டம் பெரிதாகும்போது எடை கூடுவதோடு, அந்த எடை அச்சிலிருந்து தள்ளியும் போகிறது. சுழற்றவும் நிறுத்தவும் அது இன்னும் பாரமாகத் தெரியும். 'அலாய் என்றாலே இலேசு' என்று நம்பிவிட வேண்டாம். மலிவாக வார்த்த 17 அங்குல அலாய், காரோடு வந்த 15 அங்குல இரும்புச் சக்கரத்தைவிட அதிக எடை இருப்பது சாதாரணம். வாங்கும் முன் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வைத்துக் காட்ட மறுத்தால் வேறு இடம் போகலாம்.

எல்லோரும் மறந்துவிடுவது ஆஃப்செட். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது அச்சோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதை இ.டி. என்ற எழுத்துகளோடு சக்கரத்தில் பொறித்திருப்பார்கள். இ.டி.45 இருந்த இடத்தில் இ.டி.35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வருகிறது. கார் அகலமாக, அழகாக நிற்கும். ஆனால் ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் அதே 10 மி.மீ. மாறிவிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் மணலாக இருந்தால் இழுக்கும். முன்சக்கர இயக்கக் கார்களில் வேகமாகக் கிளம்பும்போது ஸ்டியரிங் தானாக முறுக்கும். தயாரிப்பாளர் சஸ்பென்ஷனை வடிவமைத்தபோது மில்லிமீட்டர் கணக்கில் யோசித்து வைத்த தூரம் அது. காரோடு வந்த ஆஃப்செட்டுக்கு 5 மி.மீ.க்குள் இருக்கும் சக்கரத்தை மட்டுமே நான் பார்ப்பேன். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டு வெளியே தள்ளுவதும் இதே காரணத்தால் எனக்கு உடன்பாடில்லை.

நடுத்துளையும் பொருந்த வேண்டும். வெளிச்சந்தைச் சக்கரங்களில் பல, எல்லாக் கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மி.மீ. துளையோடு வருகின்றன. பல ஹோண்டா கார்களின் அச்சு 64.1 மி.மீ., பல டொயோட்டா கார்களில் 60.1 மி.மீ. இடையில் உள்ள வெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். என் 17 அங்குலச் சக்கரங்களை மாட்டியவர் அந்த வளையங்களைப் போடவே இல்லை. 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. மூன்று முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. கடைசியில் வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியதும் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். நான்கு சிறு வளையங்கள் இல்லாததால் மூன்று மாதம் நெடுஞ்சாலையில் மட்டும் அந்தக் காரை வெறுத்துக்கொண்டே ஓட்டினேன்.

செலவே இல்லாத ஐந்தாவது வழி

மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சரிபார்த்தவர்கள் குறைவு. கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள அட்டையில் எழுதிய காற்றழுத்தத்தை, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலையில், சரியான அளவியால் பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். கோடையில் நிரப்பியதை அப்படியே விட்டவர் குளிர்காலத்தில் மந்தமான ஸ்டியரிங்கோடு ஓட்டிக்கொண்டிருப்பார். "இந்தக் கார் ஸ்டியரிங்கே சரியில்லை" என்று சொன்ன ஒருவரின் முன் டயர்களில் 25 பி.எஸ்.ஐ. மட்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். 33க்கு ஏற்றியதும் அவருக்குப் புதுக் கார் கிடைத்துவிட்டது.

அட்டையில் சொன்னதற்கு மேல் முன்பக்கம் 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. ஏற்றினால் சற்றுக் கூர்மை கூடும். அதற்கும் மேலே ஏற்றிக்கொண்டே போனால் தொடுபரப்பு சுருங்கி, டயர் துள்ளத் தொடங்கும்; ஈரத்தில் பிடிப்பும் குறையும். கார் ஒரு பக்கம் இழுத்தால், அலைன்மென்டுக்குப் போகும் முன் முன்பக்க டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். டயர்கள் திசை குறிக்கப்பட்டவையாக இருந்தால் மட்டும் இதைச் செய்ய முடியாது. இழுப்பும் திசை மாறினால் குற்றம் டயரின் உருவாக்கத்தில். மாறாவிட்டால் சஸ்பென்ஷனில் தேட வேண்டும்.

யாருக்கு எது

15 அங்குலத்தில் வந்த கார், மோசமான சாலை, நிறைய மழை: அதே அளவில், விளையாட்டுச் சாயல் கொண்ட நல்ல தரமான டயர். இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். சாலைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, நெடுஞ்சாலையில் நடுநிலை மிதப்பு மட்டும்தான் தொல்லை என்றால் 16. அதிலும் அதே காரின் உயர்ந்த மாடலில் தயாரிப்பாளரே கொடுத்த 16 அங்குலச் சக்கரம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு; ஆஃப்செட், நடுத்துளை, எடை எல்லாம் ஏற்கெனவே பொருந்தியிருக்கும். காரின் நுண்ணிய அசைவுகளை ரசித்து ஓட்டுபவருக்கு 16இலேயே ஓர் அரை அங்குலம் அகலமான, எடை குறைந்த சக்கரம். நான் இறங்கி வந்து சேர்ந்த இடம் அதுதான். இன்றும் அதில்தான் ஓட்டுகிறேன்.

17ஐ நாடுபவர் அதற்குரிய காரணத்தைத் தன்னிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தோற்றம் என்றால் சரி, அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். பெரிய பிரேக்குக்கு இடம் வேண்டும் என்றாலும் சரி. கூர்மை வேண்டும் என்றால், 16இல் நல்ல டயர் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எந்த வழியானாலும், டயரில் அளவுக்கு அடுத்துப் பொறித்திருக்கும் சுமைக் குறியீட்டில் சமரசம் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 87 என்றால் 545 கிலோதான். காரோடு வந்த டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கும் வேக எழுத்துக்கும் அதே விதி. நான்கு டயர்களும் ஒரே மாடலாக இருக்கட்டும். முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்று போட்ட காரில் ஸ்டியரிங் சொல்லும் சேதியை நம்ப முடியாது. முன்பக்கம் மட்டும் அதிகப் பிடிப்புள்ள டயர் போட்டால், ஸ்டியரிங் எதுவும் சொல்லாமலே பின்பக்கம் வழுக்கிப் போகும்.

மாட்டிய பிறகு முதல் 300 கி.மீ. மென்மையாக ஓட்டுங்கள். அதன் பின் காலையில் குளிர்ந்த டயரில் அட்டை சொன்ன அழுத்தத்தை வைத்து, உங்களுக்குப் பழக்கமான ஒரு வளைவில், வழக்கமான வேகத்தில் போய்ப் பாருங்கள். அடுத்த நாள் முன்பக்கம் 1 பி.எஸ்.ஐ. ஏற்றி, அதே வளைவில் மறுபடி. ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காமல் விரல்களால் தாங்கியபடி திருப்புங்கள். எதிர்ப்பு ஏறிக்கொண்டே வந்து எந்த இடத்தில் ஏறுவது நிற்கிறது என்று கவனியுங்கள். என் காரில் அது 34இல் மிகத் தெளிவாக இருந்தது, 36இல் மங்கிவிட்டது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.